இறுகிப்போன மடிப்பு

"அறுபத்தொண்ணா?" ஆராய்ச்சி மாணவி மெஷின் திரையை முறைத்தாள். "நேத்து ஐம்பத்தெட்டுதானே காட்டுச்சு!"

அவளுடைய டி.என்.ஏ. இழை குட்டியானது. கொண்டை ஊசி மாதிரி தன்மேலேயே மடிந்து நிற்கும். சூடேற்றினால் ஒரு கட்டத்தில் விரிந்துவிடும். எத்தனை டிகிரியில் விரிகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சின்னக் குழாயில் அது மிதப்பது உப்புக் கரைசலில்; அதில் உப்பு ஏறினால் மடிப்பு இறுகும், விரிய இன்னும் சூடு கேட்கும். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று முறை ஒரே எண் வர வேண்டும். வராவிட்டால் இழை அடுத்த மேசை சீனியர் அண்ணனுக்குப் போய்விடும். ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அண்ணனின் அப்பா பேராசிரியர், தாத்தாவும் பேராசிரியர். இவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்ததே இவள் ஒருத்திதான். சந்தேகம் வேறு எந்தப் பக்கம் போகும்?

"அண்ணா, என் குழாயத் தொட்டீங்களா?"

"உன் குழாயில என்ன அமுதமா இருக்கு, பட்டாசு?" லேபில் அவளுக்கு அதுதான் பெயர்.

தொடாதவன் எதற்கு இளிக்கிறான்? அதுவரை நாளைக்கு நாலைந்து முறை திறந்து பார்த்தவள், அன்றிலிருந்து மணிக்கொரு தரம் குழாயைத் திறந்தாள். கரைசலை பிப்பெட்டால் உறிஞ்சி அளந்து திரும்ப விட்டாள். சாயங்காலம் அளவு குறைந்திருந்தது.

'திருட்டுப்பயல்! எடுத்ததும் இல்லாம உப்பையும் தட்டிவிடுறான்.'

மறுநாள் குழாயை ஃப்ரிட்ஜிலிருந்து தூக்கித் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள். மேசையை ஒட்டினாற்போல் குடுவைகளை உலர்த்தும் சூட்டடுப்பு. அதனால் என்ன, கண்பார்வையில் இருந்தால் போதும். அரை மணிக்கொரு தரம் அளந்தாள்.

கரைசல் பாதியானது. எண் அறுபத்தைந்துக்குப் போனது. பூட்டு மட்டும் பூட்டியபடியே இருந்தது.

"கள்ளச்சாவி போட்டிருக்கான்!" என்று பல்லைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை மேடம் மூன்று எண்களையும் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"மேடம், என் குழாயில யாரோ கை வைக்கிறாங்க."

"யாரோன்னா? என்னைத்தானே சொல்ற?" அண்ணன் எகிறினான். "வாய்க்கு வந்ததப் பேசாத!"

"எங்கப்பன் மூட்டை தூக்கிப் படிக்க வெச்சது உங்களுக்கு இழை தாரை வார்க்க இல்லண்ணா!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. சாட்சி இருக்கா?" என்றார் மேடம்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவை மாணவி கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இங்கதானேக்கா இருக்கீங்க? என் குழாய யாராவது திறந்ததப் பாத்தீங்களா? யாருக்கும் பயப்படாம சொல்லுங்க."

அக்கா அண்ணனைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். "பாத்தேன்."

அண்ணன் முகம் வெளுத்தது.

"கேட்டீங்களா மேடம்! யாருக்கா அது?"

"நீதாம்மா. நாளு பூரா திறந்து திறந்து மூடுற. அடுப்புப் பக்கத்துல உப்புத் தண்ணியத் திறந்து வெச்சா தண்ணிதான் போகும், உப்பு எங்கம்மா போகும்?"