சமாதி அடைந்த ராகி

உலகத்தில் எத்தனையோ துறவிகள் தோன்றியிருக்கலாம். குருபரப்பள்ளித் திம்மராயனின் ராகியைப் போல முற்றும் துறந்த ஜீவனைச் சரித்திரம் கண்டதில்லை.

அது மழை பொய்த்த ஐம்பத்திரண்டாம் ஆண்டு. ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த திம்மராயனுக்கு மட்டும் நன்றாக விளைந்திருந்தது. விளைந்ததில் ஒரு பங்கைச் சர்க்காருக்கு அளக்க வேண்டுமென்று உத்தரவு. திம்மராயன் தேசபக்தர். சர்க்காருக்கு எதற்குச் சுமைகூலிச் செலவு என்று, தம் நிலத்துப் பாறைக் குகையில் தாத்தா வெட்டிய ராகிக் குழிக்குள் மொத்தத்தையும் கொட்டி, கற்பலகையால் மூடி, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிட்டார். விலை ஏறியதும் திறக்க உத்தேசம். குழியில் போட்ட ராகி வருஷக்கணக்கில் கெடாது. வயிறுதான் அவ்வளவு நாள் தாங்காது.

அவர் நிலத்தில் கூலிவேலை செய்யும் கெம்பம்மா ஒருநாள் வந்து நின்றாள். "புள்ளைங்க பசியில சுருண்டு கெடக்குதுங்கய்யா. ஒரு படி ராகி குடுங்க."

"எல்லாத்தயும் சர்க்காரு வாரிக்கினு போயிட்டாங்க கெம்பம்மா. எங்கிட்ட ஏது?" என்று திம்மராயன் கண்கலங்கினார். கண்ணீர் நிஜம்தான், விலை இன்னும் ஏறவில்லையே என்ற துக்கம் அவருக்கு இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் யாத்திரிகர் ஞானாபரணம் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். அபிசீனியாவில் பாறையைக் குடைந்த மாதா கோயில்களையெல்லாம் தரிசித்தவர். எந்தக் கல்லில் பொந்து இருந்தாலும் அதில் ஒரு துறவி வசித்ததாக நம்பும் விசாலமான மனம். நேரே குகைக்குள் நுழைந்தவர், சாணப் பூச்சின் முன் பக்தியோடு தொப்பியைக் கழற்றினார்.

"இதற்குள் என்ன இருக்கிறது?"

பின்தொடர்ந்து ஓடிவந்த திம்மராயன் பூச்சை மறைத்து நின்றார். ராகி என்றால் தாசில்தார் வருவார். பின்னாலேயே ஜெயிலும் வரும்.

"முனிவருங்க சாமி. உக்காந்த மேனிக்கே சமாதி ஆயிட்டாரு. தொறந்தா ஊருக்கு ஆகாது."

"ஆகாரம்?"

"ஒண்ணும் தொட மாட்டாருங்க."

"மடாலயம்!" என்று யாத்திரிகர் கத்தினார். "அபிசீனியாவில்கூட இப்படியொரு பூச்சு கிடையாது. ஆயிரம் வருஷமாவது இருக்கும்!"

பூச்சு, தை மாதத்துப் பூச்சு. திம்மராயன் அடக்கத்தோடு தலையாட்டினார்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று அவர் நிம்மதியாக இருந்தபோது, யாத்திரிகர் பத்திரிகையில் எழுதிவிட்டார். அதிகாரிகள் மாலையோடு வந்தார்கள். குகைக்கு இரும்புக் கதவு, பூட்டு, 'புராதன மடாலயம், தொடுவோர் தண்டிக்கப்படுவர்' என்று ஒரு பலகை. "ஊர்ச் சொத்தைத் தன் சொத்தைப் போலக் காத்த உத்தமர்" என்று மாலையைத் திம்மராயன் கழுத்தில் போட்டார்கள்.

ராகி விலை ஏறியது. இன்னும் ஏறியது.

"பூட்ட ஒடச்சா இன்னாயா?" என்றாள் மனைவி நாராயணம்மா.

"ஒடச்சா மடாலயத்த ஒடச்ச கேசு. உண்மய சொன்னா பதுக்குன கேசு. எந்தக் கேசுல உள்ள போவட்டும், சொல்லு."

நாராயணம்மா அடுக்குப் பானைகளைத் துழாவிப் பார்த்தாள். மறுவாரம் அவையும் காலி. உத்தமர் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு, சர்க்கார் கஞ்சித் தொட்டியின் வரிசையில் போய் நின்றார். முன்னால் நின்றவள் திரும்பினாள். கெம்பம்மா.

"ஏனுங்கய்யா, அந்த முனிவரு நெசமாவே ஒண்ணும் சாப்புட மாட்டாருங்களா?"

"மாட்டாரு கெம்பம்மா. பெரிய மகான்" என்றார் திம்மராயன், பழக்கதோஷத்தில்.

"மகானாத்தான் இருக்கணும்" என்றாள் கெம்பம்மா. "போன அறுப்புல அவர மூட்ட மூட்டயா தலையில சொமந்து உள்ள கொட்டுனவ நாந்தானுங்களே. எம்புள்ளைங்க பசிக்கு ஒரு படி எறங்கி வந்தாரா, பாருங்க!"