சீட் கிடைக்காத அப்பா

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காத துயரத்தை ஒரு தகப்பன் எப்படித் தாங்கவேண்டும் என்பதற்கு உலகில் இதுவரை முறையான முன்னுதாரணம் இருந்ததில்லை. அந்தப் பெருங்குறையைத் தனியொருவராக நின்று நீக்கியவர், குடிநீர் வாரியத்தில் வேலை பார்க்கும் ஒரு கண்காணிப்பாளர். வீட்டிலும் அவருக்கு அதே பதவிதான்.

அவர் மகள் விண்ணப்பித்தது லேசுப்பட்ட கல்லூரி அல்ல. வாசலில் நூறு பேர் நின்றால் இரண்டு பேரை உள்ளே விட்டு, திருப்பி அனுப்பிய தொண்ணூற்றெட்டுப் பேரால் புகழ் பெற்ற கல்லூரி. முடிவு வருமுன்பே கண்காணிப்பாளர் அதன் ஸ்டிக்கரை வாங்கித் தன் காரின் பின்கண்ணாடியில் ஒட்டிவிட்டார். கோப்பு கொண்டுவந்தவர்களிடமெல்லாம், "நாங்க அங்கதான் சேரப்போறோம்" என்று பன்மையில் அறிவித்தும் விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் செல்போனைப் பார்த்துவிட்டு, "கிடைக்கலப்பா" என்றாள்.

கண்காணிப்பாளர் அப்படியே சோபாவில் சாய்ந்தார். மகள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஃபேனைக் கூட்டி வைத்தாள். அம்மாவிடம் பக்குவமாக விஷயத்தைச் சொல்லி, அவளையும் சோபாவின் மறுகோடியில் உட்காரவைத்து, அவளுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். சோபாவில் அதற்கு மேல் இடம் இல்லாததால் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் 'உடல்நலக் குறைவு' விடுப்பு எடுத்தார். பிளேடை வைத்து ஸ்டிக்கரைச் சுரண்டினார். பாதிதான் வந்தது. கல்லூரியின் பிற்பாதிப் பெயர் கண்ணாடியை விட்டு நகர மறுத்தது. எதிர்வீட்டு வங்கி மேனேஜரின் பையனுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தபடியால், வாசல் தெருவழியே நடப்பதை விட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போகத் தொடங்கினார். துக்கம் விசாரித்தவர்களிடம், தனக்குப் போய் இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். கேட்டவர்களுக்கும் கண் கலங்கியது.

ஒருநாள் சமையலறைக் குழாயடியில் மகள் முகத்தை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டார். பாசமுள்ள தகப்பன் அல்லவா, உடனே அருகில் போனார்.

"அம்மா வர்ற நேரம். அவ முன்னாடி அழுதுடாதம்மா, தாங்கமாட்டா."

மகள் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. தலைமை, கண்காணிப்பாளர். சிறப்பு அழைப்பாளர், இன்சூரன்ஸ் ஏஜெண்டான அவர் தம்பி. வெளியில் என்ன சொல்வது என்பதே விவாதப் பொருள். நாமே வேண்டாம் என்று விட்டுவிட்டதாகச் சொல்லலாம் என்பது மனைவியின் கருத்து. அங்கே காற்றோட்டம் போதாது என்று சொல்லலாம் என்பது தம்பியின் திருத்தம். வேறொரு கல்லூரியில் தாவரவியலுக்கு விண்ணப்பிக்கப்போவதாக மகள் சொல்ல ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் 'இதர விஷயங்கள்'ல வரும்மா. இப்ப முக்கியமானதைப் பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

'இதர விஷயங்கள்' வருவதற்குள் தம்பிக்குப் பசித்தது. கூட்டம் இனிதே முடிந்தது. 'காற்றோட்டம்' ஏகமனதாக நிறைவேறியது.

அப்படியும் கண்காணிப்பாளருக்குத் தூக்கம் வரவில்லை. ஊரிலேயே பெரிய மனநல ஆலோசகரிடம் குடும்பமாகப் போனார்கள். ஆலோசகரின் அறையில் வந்தவர்களுக்கு மூன்று நாற்காலிகள். கண்காணிப்பாளர், மனைவி, தம்பி உட்கார்ந்ததும் கணக்கு சரியாகிவிட்டது. அங்கேயும் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை.

"நீ வெளியில இரும்மா. சின்னப் பொண்ணு, இதெல்லாம் கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்று அப்பா கதவைச் சாத்தினார்.

வாரம் ஒருமுறை வீதம் சிகிச்சை நடந்தது. உள்ளே மூவரும் கண்ணை மூடி மூச்சை இழுத்து, "நான் மட்டும் போதும்" என்று சொல்லப் பழகினார்கள். வெளியே மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மகள் செல்போனில் என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவலையே கிடையாது என்று ஆலோசகரிடம் கண்காணிப்பாளர் குறைப்பட்டுக்கொண்டார். காரில் திரும்பும்போது மகள் என்னவோ கையெழுத்துக் கேட்டாள். சிக்னலில் நின்றபடி, தன் மனஅமைதி கலையாமல், போட்டுக்கொடுத்தார்.

மூன்று மாதத்தில் பூரண குணம். ஆலோசகரே கைகுலுக்கினார். இந்தச் செய்தி பரவி, குடியிருப்போர் சங்கம் கண்காணிப்பாளரைச் சொற்பொழிவுக்கு அழைத்தது. தலைப்பு: 'நிராகரிப்பை வென்றோம்'. மேடையில் மகளையும் பக்கத்தில் நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. கூப்பிட்டுச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை முடியாதுப்பா. லேப் இருக்கு."

"எந்த லேப்?"

"காலேஜ்லப்பா. தாவரவியல். உதவித்தொகையோட கிடைச்சிருக்கு. சேர்ந்து ஆறு வாரம் ஆச்சு."

கண்காணிப்பாளர் மனைவியைப் பார்த்தார். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு போகிறவளை அவர்தான் எங்கோ பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார் என்று மனைவி நினைத்திருந்தாள். மனைவிதான் அனுப்புகிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"மூணு தடவ சொன்னேன்பா. கையெழுத்துகூட நீங்கதான் போட்டீங்க."

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். கண்காணிப்பாளர் சோபாவில் உட்கார்ந்து, மூச்சை நன்றாக இழுத்து விட்டு, இந்தப் புதிய அடியையும் தாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சொற்பொழிவு பிரமாதமாக அமைந்தது. தான் சோபாவில் சாய்ந்ததிலிருந்து எழுந்தது வரை விடாமல் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்மணி மட்டும் எழுந்து கேட்டாள்:

"எல்லாம் சரிங்க. உங்க பொண்ணு இதை எப்படித் தாங்கிக்கிட்டா?"

மேடையில் கண்காணிப்பாளர் வெகுநேரம் குறிப்புகளைப் புரட்டினார். அந்தத் தலைப்பில் குறிப்பு எதுவும் இல்லை.

"அவளுக்கென்னங்க, அவ நல்லா இருக்கா" என்றார்.

அதுவும் உண்மைதான். அந்தக் கல்லூரியால் அவளுக்குப் பெரிய கெடுதல் ஒன்றும் நேரவில்லை. ஒரே ஒரு தடவைதான் அது அவளை வேண்டாம் என்றது. அதற்கும், 'வருந்துகிறோம்' என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தது.