லட்சுமணசாமியின் வழிகாட்டிக் கருவி

இனிமேல் இந்த உலகத்தில் எவரிடமும் வழி கேட்பதில்லை என்று லட்சுமணசாமி தம் அறுபதாவது வயதில் தீர்மானித்தார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. முந்தைய ஐம்பத்தொன்பது ஆண்டுகளிலும் அவர் எவரிடமும் வழி கேட்டதில்லை. இனிமேல் வழி தவறாமலும் போகப்போகிறார் என்பதுதான் புதுமை.

நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே கிடக்கும் ஒரு சாண் வரப்பு யாருக்குச் சேரும் என்பதைச் சங்கிலி பிடித்துச் சொல்லிவிடுவார். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறி அமர்ந்ததும் கிழக்கும் மேற்கும் அவரைக் கைவிட்டுவிடும். காரமடைத் தேர் பார்க்கப் புறப்பட்டு அன்னூரில் போய் இறங்கி, இங்கும் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னவர். நின்று யாரையாவது கேட்கலாமே என்று மனைவி நாச்சியம்மாள் சொன்னால், அவருக்கு முகம் சிவந்துவிடும். “ஊருக்கே எல்லை காட்டுனவன் நானு. ஒரு பொட்டிக்கடைக்காரங்கிட்டப் போயி வழி கேக்கச் சொல்றியா?” என்பார்.

ஓய்வு பெற்ற கையோடு புதிதாக மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கினார். ஞாயிறுதோறும் தனியாக, தன்னந்தனியாக, டாப்சிலிப், வால்பாறை, தாளவாடி என்று சுற்றிவருவது அவருடைய திட்டம். அதற்கு வண்டியில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவி ஒன்று தேவைப்பட்டது.

செல்போனிலேயே வழி காட்டுகிறதே, அதை வண்டியில் மாட்டிக்கொண்டால் போதாதா என்று நாச்சியம்மாள் கேட்டாள். லட்சுமணசாமி விரல் மடக்கி மூன்று காரணங்கள் சொன்னார். வண்டியின் அதிர்வில் செல்போனின் கேமரா கெட்டுவிடும். மழை வந்தால் செல்போன் நனைந்துவிடும். வெயில் வந்தால் திரை தெரியாது. நான்காவது காரணத்துக்கு விரல் மிச்சம் இருந்தும் அவர் மடக்கவில்லை. செல்போன் இருந்தால் வழியும் வரும், நாச்சியம்மாளும் வருவாள். ஆழியாறு தாண்டி மலை ஏறிக்கொண்டிருக்கும்போது, திரும்பி வருகையில் அரைக் கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வரும்படி உத்தரவு வரும். தனிக் கருவியில் வழி மட்டுமே வரும்.

நாச்சியம்மாள் அவர் மடக்காத விரலை ஒருமுறை பார்த்தாள். பிறகு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் பணி மூன்று மாதம் நடந்தது. நீளத்தாளில் கோடு கிழித்து, அவர் ஓர் அட்டவணை தயாரித்தார். கையுறை போட்டுக்கொண்டு தொட்டால் திரை கேட்குமா, உச்சி வெயிலில் எழுத்துத் தெரியுமா, இணையம் இல்லாத காட்டில் வரைபடம் திறக்குமா என்று பதினேழு வினாக்கள். பதினேழாவது வினா அவருக்கு மிகவும் பிடித்தமானது: போன தடம் அடிக்கு அடி பதிவாகுமா? அளந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பது அவருடைய துறை அவருக்குக் கற்றுத்தந்த பாடம்.

உக்கடத்தில் இருசக்கர வண்டிகளுக்கான உதிரிப்பொருள் கடை வைத்திருக்கும் நாகூர் மீரானிடம் அந்த அட்டவணையுடன் பதினொரு முறை போய்வந்தார். முதற்கருவி வெயிலில் மங்கியது. இரண்டாவது கருவி வட்டமாக, வடை அளவில் இருந்தது. அம்புக்குறியைத் தவிர வேறெதையும் காட்டாது. அம்பு காட்டும் திசையில் குளம் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மூன்றாவது கருவிக்குப் பதினேழு வினாக்களிலும் தேர்ச்சி. அதில் குறை காண வழியின்றி அவர் கலங்கி நின்றபோது, மீரான் கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

“அண்ணா, பொண்ணு பாக்கறவங்ககூட இத்தன தடவ வந்து காபி குடிக்க மாட்டாங்க. இத ஒரு ஞாயித்துக்கெழம எடுத்துக்கிட்டுப் போயி ஓட்டிப் பாருங்க. புடிச்சா வெச்சுக்குங்க, இல்லாட்டி என்ன உட்டுருங்க.”

ஓட்டிப் பாருங்க என்றது சோதனை ஓட்டம் என்று காதில் விழுந்ததும் லட்சுமணசாமிக்குள் உறங்கிக்கொண்டிருந்த நில அளவையர் விழித்துக்கொண்டார். சோதனை என்றால் முறையாக நடக்க வேண்டும். தெரிந்த ஊருக்குப் போனால், கருவி வழி காட்டியதா, நாம் காட்டினோமா என்பது எப்படித் தெரியும்?

“உங்களுக்கு வழி தெரிஞ்ச ஊருன்னு ஒண்ணு இருக்குதுங்களாண்ணா?” என்று மீரான் மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

லட்சுமணசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே, போகும் இடம் ஓட்டுபவருக்குத் தெரியக்கூடாது. வேறொருவர் அதைக் கருவியில் பதிந்துதர வேண்டும். ஓட்டுபவர் கருவி சொல்லும் இடம்வரை போக வேண்டும்; யாரிடமும் கேட்கக்கூடாது; நடுவழியில் திரும்பக்கூடாது. திரும்பினால் கருவியை வாங்கும் தகுதி அவருக்கு இல்லை. பேசாமல் செல்போனையே மாட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் அட்டவணையின் அடியில் எழுதி, தாமே கையெழுத்திட்டு, எல்லைத் தகராறுகளில் பக்கத்து நிலத்துக்காரரிடம் வாங்குவதைப்போல மீரானிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினார். வீட்டுக்கு வந்து நாச்சியம்மாளையும் கையெழுத்திடச் சொன்னார்.

அவள் முழுவதையும் இருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். “எடத்த யாருங்க பதியறது?” என்று கேட்டாள்.

“நீதான். வேற யாரு இருக்கறா?”

“எனக்கு அதெல்லாம் எங்கீங்க தெரியும்?”

தெரியாது என்பதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்ததாக அவர் பெருந்தன்மையுடன் சொன்னார். இரண்டு மாலைப்பொழுதுகள் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, புள்ளி வைக்க மறந்தால் அரபிக்கடலில் போய் விழ வேண்டியதுதான் என்று விளக்கினார். அவள் மூன்று முறை தப்பாக அழுத்தினாள். மூன்று முறையும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். மருதமலையைத் தாண்டி இவள் எதைப் பதிந்துவிடப் போகிறாள் என்று எண்ணி, மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

நாச்சியம்மாளின் மனத்திலோ அந்த ஆடி மாதம் முழுவதும் வேறோர் ஊர் இருந்தது. அவளுடைய தம்பி காளிச்சாமி சென்னிமலையில் நான்கு தறி போட்டுப் படுக்கை விரிப்பு நெய்பவர். ஆறு ஆண்டுகளுக்குமுன் புதுவீடு கட்டிப் புகுவிழா வைத்தார். அன்றைக்கு லட்சுமணசாமி மட்டும் தனியாக வண்டியில் வந்தார். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவர், ஈங்கூரை நான்கு முறை சுற்றிவிட்டுப் பிற்பகல் மூன்று மணிக்குப் பந்தலுக்குள் நுழைந்தார். பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காளிச்சாமி ஓடிவந்து வரவேற்றவர், சும்மா இராமல், “மச்சான் நம்மூர் எல்லையெல்லாம் அளந்துபோட்டு வாராருங்க” என்று சொல்லிவிட்டார். பந்தல் முழுவதும் சிரித்தது. சமையற்காரரும் சிரித்தார். சமையற்காரர் சிரித்ததைத்தான் லட்சுமணசாமியால் பொறுக்க முடியவில்லை.

அன்று வாசலைத் தாண்டியவர் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. கோபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. “போலாம்னுதான் இருக்கறேன், வழி தெரியணுமில்ல” என்பார். இப்போது காளிச்சாமியின் மகள் இனியாவுக்கு ஆவணியில் கல்யாணம். முதல் அழைப்பிதழை அக்காள் வீட்டுக்காரர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கொண்டுவந்தால் மச்சான் பின்வாசல் வழியே போய்விடுவாரோ என்று காளிச்சாமிக்குப் பயம். அழைப்பிதழ்க் கட்டு பிரிக்கப்படாமலேயே கிடந்தது. நாச்சியம்மாள் தனியாகப் போய்த் தம்பி மகளின் கல்யாணத்தில் நின்றால், மாமன் எங்கே என்று மண்டபமே கேட்கும். சென்ற வாரமும் அவள் பேச்செடுத்தாள். அவர் வழக்கம்போல வழியின்மேல் பழியைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வடவள்ளியிலிருந்து லட்சுமணசாமி புறப்பட்டார். நாச்சியம்மாள் வாசல்வரை வந்து, கருவியின் திரையை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, பார்த்துப் போகும்படி சொன்னாள்.

தலைக்கவசத்துக்குள் ஒரு பெண்குரல் தெளிந்த தமிழில் பேசியது. “முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்.”

“ஆகட்டுங்க” என்றார் லட்சுமணசாமி. கொங்கு நாட்டில் பிறந்தவர் எந்திரத்திடமும் மரியாதை குறைவாகப் பேசிவிட முடியாது.

நகரத்தைக் கடந்தார். அவிநாசியைக் கடந்தார். பத்து மைலுக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, ‘குரல் தெளிவு: நன்று’, ‘திரை: மிக நன்று’ என்று குறிப்பெழுதினார். ஆடிக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது, கருவி அசையவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, அடுத்த திருப்பம் எது என்பது திருப்பத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. பாட வேண்டும் போலிருந்தது. தலைக்கவசத்துக்குள் கொஞ்சம் பாடவும் செய்தார்.

செங்கப்பள்ளி தாண்டியதும் பாட்டு நின்றது. பெருந்துறை என்று பலகை வந்தபோது வண்டியின் வேகமும் குறைந்தது. கருவி நெடுஞ்சாலையைவிட்டு இறங்கச் சொன்னது. இறங்கினார். “ஐந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்” என்றது. நிமிர்ந்து பார்த்தார். தெற்கே வெளிறிய வானத்தின் அடியில் சென்னிமலைக் குன்று, யாரிடமும் கேட்காமலேயே அடையாளம் தெரியும்படி நின்றுகொண்டிருந்தது.

லட்சுமணசாமி வலப்புறம் திரும்பவில்லை. நேராகப் போனார். கருவி ஒரு கணம் யோசித்து, வேறு வழி கணக்கிட்டு, திரும்பி வரச் சொன்னது. இன்னும் கொஞ்சம் போனார். அது மறுபடியும் சொன்னது. நாச்சியம்மாளாக இருந்தால் இந்நேரம் இரண்டு வார்த்தை கூடுதலாக வந்திருக்கும். இந்தக் குரலோ கடைசிவரை அதே பணிவுடன் அழைத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திரும்பிவந்து, முக்கில் இருந்த தேநீர்க் கடையில் உட்கார்ந்தார்.

முதல் தேநீரில், கருவி பழுதென்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் பதினேழாவது வினா நினைவுக்கு வந்தது. இந்தக் கடை வரையிலும், இதைத் தாண்டிப் போய்த் திரும்பியதும், அடிக்கு அடி பதிவாகியிருக்கும். சாட்சிக் கையெழுத்து வேறு இரண்டு இருக்கின்றன. திரும்பிப் போனால் கருவி போயிற்று. செல்போனும் சின்ன வெங்காயமும் மிஞ்சும். போனாலோ, காளிச்சாமி இருப்பான்.

இரண்டாவது தேநீரில், காளிச்சாமி இப்போது என்ன சொல்லிச் சிரிப்பான் என்று எண்ணிப் பார்த்தார். சரியாக ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அன்றைக்கு அவன் சொன்னது தப்பும் இல்லை. ஈங்கூரை நான்கு முறை சுற்றத்தான் சுற்றினார். அவன் சொல்லிவிட்டு, உடனே அவர் கையைப் பிடித்து இலைமுன் உட்கார வைத்ததும், தானே பரிமாறியதும் இத்தனை நாள் நினைவில் வராதது ஏன் என்று வியந்தார். இனியா நான்கு வயதில் அவருடைய பழைய வண்டியின் டேங்கின் மேல் உட்கார்ந்து, மாமா வேகமாப் போங்க என்று வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது, கேளாமலேயே வந்து நின்றது. அந்தப் பிள்ளைக்கா கல்யாணம்.

மூன்றாவது தேநீரை அவர் கேட்கவில்லை. “வாரேனுங்க” என்று கருவியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

காளிச்சாமி தறிச் சத்தத்துக்கு நடுவிலும் வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வந்தவர் சிரிக்கவில்லை. மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “வாங்க மச்சான்” என்றார். இனியா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். பிரிக்காமல் கிடந்த கட்டு பிரிந்தது. வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து முதல் அழைப்பிதழைக் காளிச்சாமி நீட்டினார். லட்சுமணசாமி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

நிலைமையைச் சமாளிக்க அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புள்ள கல்யாணம், கூப்புடட்டும்னு காத்திருக்கறதா மாப்ளே? காத்தால எந்திரிச்சதும் தோணுச்சு, பொறப்பட்டுட்டேன். வழியெல்லாம் ஒண்ணும் செரமமில்ல.”

“அதுதானுங்க மச்சான்” என்று காளிச்சாமி அடக்கமாகத் தலையாட்டினார். இனியா எதற்கோ திரும்பிக்கொண்டாள்.

இலை போட்டார்கள். சுடச்சுட அரிசியும் பருப்பும் சோறு, மேலே நெய். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் லட்சுமணசாமியின் தாடை நின்றது. பூண்டை இப்படித் தோலோடு தட்டிப் போடும் கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

“இன்னுங் கொஞ்சம் நெய் உடட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டு, சமையலறையிலிருந்து நாச்சியம்மாள் வந்தாள்.

அவர் வாயில் சோறு இருந்ததால் எதுவும் பேச முடியவில்லை. அவளே சொன்னாள். அவர் புறப்பட்ட கால் மணி நேரத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு காந்திபுரம் வந்து பஸ் ஏறிவிட்டாளாம். இடத்தைப் பதிவதில் ஒன்றும் சிரமம் இல்லையாம். வீட்டிலிருந்தபடியே அவள் விற்கும் புடவைகளை வாங்குகிறவர்களின் வீட்டுக்குக் கூரியர் அனுப்ப, தினமும் செல்போனில் அதைத்தானே பார்க்கிறாளாம்.

“பெருந்துறை முக்குல நீங்க டீக்கடையில உக்காந்திருந்ததப் பஸ்ஸுல இருந்து பாத்தனுங்க.”

“பாத்துட்டுக் கூப்புடாம வந்துட்டியா?”

“வழி தப்பலீன்னு தெரிஞ்சுபோச்சு. நல்லா ரோசன பண்ணட்டும்னு உட்டுட்டனுங்க.”

கோபப்பட வேண்டிய இடம் இது என்பது லட்சுமணசாமிக்குத் தெரிந்தது. ஆனால் சோறு அருமையாக இருந்தது. காளிச்சாமி விசிறிக்கொண்டிருந்தார். இனியா அடுத்த கரண்டியுடன் காத்திருந்தாள். தவிர, சோதனை முறைப்படி வெற்றி, கருவி அவருடையது. அடுத்த ஞாயிறு வால்பாறை, அதற்கடுத்த ஞாயிறு தாளவாடி, தன்னந்தனியாக, என்று எண்ணி அவர் மனத்தைத் தேற்றிக்கொண்டு கை கழுவ எழுந்தார். அப்போதுதான் சமையலறைக் கதவோரம், நாச்சியம்மாளின் துணிப்பைக்குப் பக்கத்தில், ஆணியில் புத்தம்புதிய தலைக்கவசம் ஒன்று தொங்குவதைக் கண்டார்.

“பஸ்ஸுல வந்தவளுக்கு எதுக்கு அம்மணி ஹெல்மெட்டு?”

“திரும்பிப் போறதுக்குங்க” என்றாள் நாச்சியம்மாள்.