‘போ’ என்று எழுதி பஸ்ஸை நிறுத்தியவர்

ஓசூரில் அந்த நாட்களில் அட்டை டீச்சரோடு சண்டை போடாத ஆள் ஒருவர் இருந்தார் என்றால், அவர் அன்றைக்குத்தான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கியிருக்க வேண்டும். மறுநாள் அவரும் போட்டிருப்பார்.

செல்போன் என்பது பெல்ட்டில் மாட்டிக் காட்டுகிற நகையாக இருந்த இரண்டாயிரத்துச் சொச்ச வருடங்கள். மூக்கண்டப்பள்ளியில், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு தொடக்கப் பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு வாத்தியார். அட்டை டீச்சர் ஒன்றாம் வகுப்பு. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளத்தன்று கையெழுத்துப் போடும்போது மட்டும் அது நினைவுக்கு வரும்.

ஒன்றாம் வகுப்பு என்றால் அ, ஆ என்று தொடங்கி, எழுத்தெல்லாம் முடிந்த பிறகு சொல்லுக்குப் போவதுதான் ஊர் வழக்கம். டீச்சருக்கு அந்தப் பொறுமை கிடையாது. எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வந்து நிற்கிற சொற்கள் இருக்கின்றனவே, ‘ஒரு’, ‘இந்த’, ‘மட்டும்’, ‘பிறகு’, ‘இல்லை’ மாதிரி, அவற்றைப் பிள்ளைகள் முழுசாகப் பார்த்ததும் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. காலையில் சொல், சாப்பாட்டுக்குப் பிறகு எழுத்து.

“அஸ்திவாரமே இல்லாம மாடி கட்டறீங்களே டீச்சர்!” என்பார் ஹெட்மாஸ்டர்.

“என் கிளாஸ்ல பாதிப் புள்ளைங்க வூட்ல தெலுங்கு, கால்வாசி கன்னடம். மிச்சம் இருக்கறது மதுரை, திருநெல்வேலி. அப்பனுக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சா புள்ளையக் கூட்டிக்கினு போயிடுவாங்க. நீங்க கடைசி ‘ன’கரத்துக்கு வர்ற வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்களா சார்? போறப்ப நாலு சொல்லு படிக்கத் தெரிஞ்சிக்கினு போகட்டும்.”

ஹெட்மாஸ்டர் “ஆனா பாருங்க...” என்று ஆரம்பித்து அறைக்குள் போய்விடுவார். எதற்கும் ‘ஆனா’ போடாமல் அவரால் மூச்சுவிட முடியாது.

அந்தச் சொற்களை எழுத டீச்சருக்கு அட்டைகள் எப்படிக் கிடைத்தன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பையனின் அப்பா கம்பெனியில் மிச்சமாகிப் போன சிவப்பு அட்டைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கட்டித் தொங்கவிட நூலும் கூடவே இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதினார். அதன்பின் ஊருக்குப் பிடித்தது சனியன்.

நாற்காலி என்று எழுதினால் நாற்காலியில் கட்டலாம். ‘பிறகு’வை எங்கே கட்டுவது? டீச்சர் யோசித்து, அது எங்கே குடியிருக்கிறதோ அங்கே கொண்டுபோய்க் கட்டினார். ‘பிறகு’ கரண்டு ஆபீஸ் வாசலில். ‘ஆனால்’ ஹெட்மாஸ்டர் அறைக் கதவில். ‘இல்லை’ ரேஷன் கடையில். மண்ணெண்ணெய் கேனோடு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். கடைக்காரர் பள்ளிக்கே ஓடி வந்தார்.

“எண்ணெய் இருக்குதுங்க டீச்சர்!”

“ஒரு நாள் இருக்குதுன்றதுக்காக அட்டையக் கழட்டணுமா?”

இதெல்லாம் சில்லறைச் சண்டை. பெரிய சண்டை பஸ்ஸால் வந்தது. பள்ளி எதிரே ஒரு கம்பெனி பஸ் தினமும் ஆள் ஏற்றும். ‘போ’ என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? பிள்ளைகளைக் கூட்டிப்போய் முன்பக்கக் கண்ணாடியருகே ‘போ’வைக் கட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்பிவிட்டார்.

பஸ் போகவில்லை. கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு அட்டை தொங்கினால் அந்த மெஷினை ஓட்டக்கூடாது. கட்டியவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. இந்தச் சட்டம் அவர்கள் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. டிரைவர் கீழே இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு ஷிப்டே உட்கார்ந்திருந்தது. நான் போய்க் கேட்டேன்.

“செகப்பு அட்டை தொங்குதுல்லண்ணே, எப்படி எடுக்குறது? கட்டுனவக வரட்டும்.” மதுரைக்காரர்.

டீச்சர் வந்தார். அவிழ்க்கவில்லை.

“அதுல என்னா எழுதியிருக்குது? படிங்க.”

“போ.”

“படிக்கத் தெரியுதில்ல? அப்புறம் என்னாத்துக்கு நிக்கறீங்க?”

அட்டை அவிழ்ந்து பஸ் போய்ச் சேர்வதற்குள் ஷிப்டு நேரம் தாண்டிவிட்டது. கம்பெனியிலிருந்து கல்வி அலுவலகத்துக்குப் புகார் போனது. விசாரிக்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பிள்ளைகளுக்குப் படிக்க வரவில்லையென்றால் வகுப்பு வேறொருவர் கைக்குப் போகும், டீச்சர் நாட்றாம்பாளையத்து மலைப்பக்கம் மாற்றலாகிப் போக வேண்டியதுதான் என்றார் ஹெட்மாஸ்டர்.

“போறேன் சார். அங்கயும் புள்ளைங்க இருக்குதில்ல? ஆனா இதுங்கள நட்டாத்துல விட்டுட்டு என்னைய யாரும் அனுப்ப முடியாது.”

அதிகாரி வந்தார். மடித்த செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, “ழ-வுக்கு அடுத்த எழுத்து எது?” என்றார். பிள்ளைகள் டீச்சர் முகத்தைப் பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் முகத்தில் மெல்லிய மலர்ச்சி.

“எழுத்தே தெரியலையேம்மா.”

“வரிசை தெரியல சார். படிக்கத் தெரியும். பாடப் புத்தகத்தக் குடுத்தா மனப்பாடம்னு சொல்லுவீங்க. உங்க பேப்பரக் குடுங்க.”

மஞ்சுளா என்று ஒரு தெலுங்கு வீட்டுப் பெண். கொட்டை எழுத்துத் தலைப்பில் விரலை வைத்தாள். “ம்ம்... ம்ம்... இருந்து... மீண்டும்... ம்ம்... வந்தன.”

“நடுவுல அது என்ன ம்ம்?”

“தெரியாத சொல்லு சார். தெரியாததத் தெரியும்னு சொல்லிப் பழக்கல.”

ஆனால் மஞ்சுளா விடவில்லை. கடைசி ‘ம்ம்’முக்குத் திரும்பிப் போனாள். மதிய எழுத்துப் பாடம் கைகொடுத்தது. “யா... னை... கள். மீண்டும் யானைகள் வந்தன.”

பிறகு செய்தித்தாளை வீசிவிட்டு “ஏனுகு! ஏனுகு!” என்று வீட்டுத் தெலுங்கில் அலறினாள். சானமாவுக் காட்டிலிருந்து யானை வருவது எங்கள் பக்கம் கதையல்ல. ஒன்றாம் வகுப்பு முழுவதும் மூன்று மொழிகளில் கத்திக்கொண்டு டீச்சரின் புடவைக்குப் பின்னால் ஓடியது. அதிகாரியின் கால்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டன. ஹெட்மாஸ்டர் கதவைத் தாழ்போட்டார், வெளியே நின்றுகொண்டு.

டீச்சர் மட்டும் அசையவில்லை. “புரியாமப் படிச்ச புள்ளைங்க இப்படி ஓடுமா சார்?”

அதிகாரி கால்களை இறக்கினார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். “வகுப்பு உங்களோடதே. எழுத்து வரிசையையும் சொல்லிக் குடுங்க. இனிமே பஸ்ஸுல அட்டை கட்டக்கூடாது.”

“லாரியப் பத்தி ஒண்ணும் சொல்லலையே சார்?”

அவர் போன பிறகு, பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு, டீச்சர் காலி வகுப்பில் தரையில் உட்கார்ந்தார். ஊரையே எதிர்த்து நின்ற மனுஷி, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. நான் வெளியே வந்து கதவைச் சாத்தி, அதன் முன்னால் நின்றேன். ஹெட்மாஸ்டர் வந்தார்.

“இப்ப உள்ள போக முடியாதுங்க சார்” என்றேன்.

அதுவரை அவரிடம் நான் ‘சரிங்க சார்’ தவிர வேறெதுவும் சொன்னதில்லை. அந்த அம்மாவுக்காக இன்னும் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் ‘முடியாது’ என்று சொல்லியிருப்பேன்.