யானைமேடு: சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஸ்டான்லி அவர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். புங்கந்துறையிலிருந்து ரீனாவின் அப்பா பவுல்ராஜ் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். அங்கு தங்களுக்குக் கோபமும் பிரஷரும் ஒருசேர இறங்கியிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

போன ஞாயிறு கல்யாணத் தேதி குறிக்க வந்த தாங்கள், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் செத்த நேரம் காலாற ஆற்றுப்பக்கம் போனவர், திரும்பி வந்து தேதியும் சொல்லாமல், வெற்றிலையும் எடுக்காமல், "ஆத்துல உங்களுக்குக் கீழ இருக்க எங்க ஊர்ல பயலுக காஞ்ச ஆத்து மணல்ல கிரிக்கெட் ஆடுறானுக, இங்க வாழை தளதளன்னு நிக்குது. தண்ணிய மறிச்சுக் கரை போட்டிருக்கீக. உங்க வீட்டுல பொண்ணெடுத்தா என்னைய ஊருக்குள்ள விடுவாய்ங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியேறிவிட்டீர்கள். ரிட்டயர்டு சமூக அறிவியல் வாத்தியார் என்ற முறையில் எங்கள் ஊரின் புவியியலையும் வரலாற்றையும் தங்களுக்கு விளக்குவது என் கடமை.

எங்கள் ஊருக்கு வடக்கே பாறை, தெற்கே முருங்கைத் தோட்டம், கிழக்கே சவேரியார் கோயில், மேற்கே ஆறு. அந்த ஆறு மலையிலிருந்து இறங்கிக் களைத்து வருவதால் எங்கள் ஊரில் கொஞ்சம் நிற்கிறது. களைத்து நிற்பவரைப் போ என்று விரட்டுவது பண்பாடா? தாங்கள் பார்த்தது கரையே அல்ல, மேடு. அந்தக் காலத்தில் ராஜாவின் யானைகள் படுத்துப் புரண்டதில் உண்டான மேடு. தாங்கள் வண்டியேறும்போதே இதைச் சொன்னேன், எந்த ராஜா என்று மடக்கினீர்கள். அவசரத்தில் எனக்கு யானையின் பெயர்தான் வாயில் வந்தது. மேட்டுக்குள் சிமெண்டு மூட்டை தெரிந்ததே என்றீர்கள். அம்புட்டுப் பழைய மேட்டைப் பராமரிக்க வேண்டாமா? ஆற்றுக்குத் தங்கள் கூடவே வந்த பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சப்பன் சும்மா இருக்காமல், "பாத்து வாங்கய்யா, நேத்துத்தான் மண்ணு கொட்டுனோம், கால் உள்ள வாங்கும்" என்று சொல்லித் தொலைத்தாரே, அதைத் தாங்கள் மனதில் வைக்கக் கூடாது. மனுசன் வரலாறு படிக்காதவர்.

அன்றிலிருந்து வீட்டில் என் பாடு பெரும்பாடு. என் வீட்டுக்காரி ரோசலின் தொட்டுக்க வெஞ்சனமே இல்லாமல் வெறும் ரசஞ்சோறு போடுறா. ரீனா என் முன்னால் வந்து நின்னு, "ஏம்ப்பா, உங்க வரலாறு புவியியலுக்காக நான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போகணுமா?"ன்னு கேட்டுட்டு அழுதுருச்சு. அந்த அழுகையை என்னால பாக்க முடியல சம்பந்தி. அதுக்கு உங்க ஜெரோமை அம்புட்டுப் பிடிச்சிருக்கு. கரை என்று ஒன்று இல்லவே இல்லை என்று சவேரியார் மேல் ஆணையிடத்தான் நினைத்தேன். ஆணையிடுவது பாவம் என்று ஞானோபதேசத்தில் படித்ததால் விட்டுவிட்டேன்.

தேதியைத் தாங்களே சொல்லுங்கள். சாப்பாடு தங்கள் இஷ்டம். ஆனால் கல்யாணம் எங்கள் ஊர்க் கோயிலில்தான், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பந்தல் வாசலில் கட்டுவதற்கென்றே ஆற்றோரம் குலைவாழை வளர்த்து வைத்திருக்கிறேன்.

தங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். மருமகனுக்கு ஆசீர்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்
பவுல்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டுகிற நேரத்தில் ஒச்சப்பன் ஓடி வந்து, "வாத்தியாரய்யா, மலையில பேய்மழை! கரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு!" என்கிறார். ஆகவே கரை இல்லை என்று நான் மேலே எழுதியது இந்த நிமிடத்திலிருந்து முழு உண்மை. தபாலுக்கு நேரமில்லை, ரீனா இதைப் போட்டோ எடுத்து ஜெரோம் போனுக்கு அனுப்புது. ஆறு களைப்புத் தீர்ந்து அங்கதான் வருது, பயலுகளை ஸ்டம்பைப் பிடுங்கிட்டு மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க. என் குலைவாழை அம்புட்டும் வேரோட கூடவே வருது. கரையொதுங்குறதைப் பிடிச்சு உங்க ஊர்க் கோயில் வாசல்லயே கட்டிருங்க சம்பந்தி. பொண்ணை நாங்க பஸ்ஸுல கூட்டிட்டு வாரோம்.