நாற்காலி பறந்த சாயங்காலம்

"இன்னையிலருந்து பாப்பா படிப்பு என் பொறுப்பு!"

டெய்லர் இப்படி அறிவித்ததும், சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஊசியை அந்தரத்தில் நிறுத்தினாள். கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஜுரமா என்று பார்க்கிற பார்வை.

"பொறுப்பை எடுத்து என்ன பண்ணப் போறீங்க?"

"அறிவாளி ஆக்கப் போறேன்."

"முதல்ல அவளை உக்கார வைங்க. அது போதும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அன்று காலைதான் டீச்சர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "உங்க பொண்ணு கெட்டிக்காரிதான். ஆனா அஞ்சு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கிறா. பெஞ்சில முள்ளு இருக்கிற மாதிரி எந்திரிச்சிடறா. இந்த மாசக் கடைசிக்குள்ள மாறலைன்னா பக்கத்து கிளாசுக்குத்தான் மாத்தணும்."

பாப்பா மூன்றாம் வகுப்பு. அவளுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி இந்த வகுப்பில்தான் இருக்கிறாள். வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தாள். "நான் உக்காரணும்னுதான்மா நினைக்கிறேன். காலுதான் எந்திரிச்சிடுது."

அந்த வார்த்தை அம்மாக்காரியின் நெஞ்சில் ஊசி மாதிரி நின்றுவிட்டது.

டெய்லரிடம் மருந்து தயாராக இருந்தது. கடைக்கு வரும் பேப்பரில் தினமும் கட்டம் போட்டு ஒரு சொற்புதிர் வரும். குறிப்பைப் படித்து வார்த்தையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"தினம் ஒரு புதிர். வார்த்தை பெருகும். புத்தி நிக்கும். புத்தி நின்னா காலும் நிக்கும்!"

"உங்களுக்குப் புதிர் போட வருமா?"

"எட்டாவதுல தமிழ்ல நான்தான் முதல் மார்க்கு."

"எத்தனை பேர்ல?"

"அது எதுக்கு இப்ப? நீ அஞ்சாவதோட நின்னவ. உனக்கு இதெல்லாம் புரியாது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாக்கு வழுக்கிவிட்டது. அவள் நூலைப் பல்லால் கடித்தாள்.

மறுநாள் கடையில் மிஷினை ஓரங்கட்டிவிட்டு ஒத்திகை பார்த்தார் டெய்லர். மொத்தம் பன்னிரண்டு குறிப்பு. மத்தியானம்வரை மண்டையை உடைத்துக்கொண்டதில் ஒன்று தெரிந்தது. அதுவும் கட்டத்தில் அடங்கவில்லை. மகள் முன்னால் இந்த மூஞ்சியோடு எப்படிப் போய் உட்காருவது?

அப்போதுதான் புதிருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் கவனித்தார். 'விடை நாளைய இதழில்.'

டெய்லர் தொடையில் தட்டிக்கொண்டார். நேற்றையப் புதிரை இன்று வீட்டுக்குக் கொண்டு போனால்? விடை இன்றையப் பேப்பரில் வந்திருக்குமே! அதைத் துணிக்குக் கோடு போடும் சாக்பீஸால் சட்டைக்கையின் உட்பக்கம் எழுதிக்கொண்டால்? அடுத்தவன் தோள், இடுப்பு, கழுத்து என்று நாளெல்லாம் துணியில் எழுதுகிற கைக்குப் பன்னிரண்டு வார்த்தை எம்மாத்திரம்!

கொளுத்துகிற வெயிலில் அவர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பாப்பா குறிப்பைப் படிப்பாள். "மழை வந்தா வானத்துல வளையும், ஏழு..."

டெய்லர் நெற்றியைச் சொறிவார். சொறிகிற சாக்கில் சட்டைக்கை கண்ணுக்கு நேரே வரும். "வானவில்!"

"இருங்கப்பா, நான் இன்னும் படிச்சே முடிக்கல."

"அடுத்தது படி! வேகம் வேணும், வேகம்!"

பன்னிரண்டும் நாலு நிமிஷத்தில் முடியும். பாப்பாவின் கால் மூன்றாவது குறிப்பிலேயே வாசலுக்குப் போயிருக்கும். "எல்லாம் அப்பாவே சொல்லிடறாரும்மா. நான் எதுக்கு உக்காரணும்?"

ஒரு வாரம் இப்படிப் போனது. மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

துணி துவைக்கிறவளிடம் எதை ஒளிக்க முடியும்? நீலச் சட்டையின் கையைத் திருப்பிச் சோப்புப் போடப் போன மனைவி அப்படியே நின்றாள். ஒன்று, முயல். இரண்டு, கண்ணாடி. மூன்று, வானவில். முதலில் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு பாப்பாவின் கால் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றது. மாடி வீட்டு நர்ஸ் அக்காவும் அதே பேப்பர்தான் வாங்குகிறார்கள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

அன்று சாயங்காலம் டெய்லர் சட்டைக்கையைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க, நீங்க வெட்டிட்டு வந்த துண்டு மேல தண்ணியைக் கொட்டிட்டேன். எழுத்தெல்லாம் ஊறிப்போச்சு."

"அய்யய்யோ! அப்ப இன்னைக்கு லீவா?"

"லீவு எதுக்கு? நர்ஸ் அக்கா இன்னைக்கு வந்த பேப்பரே குடுத்தாங்க. இது இன்னும் புதுசு."

அதன் விடை நாளைக்குத்தானே வரும்! பாப்பா படித்தாள்.

"பறக்கும், ஆனா பறவை இல்ல. குட்டிக்குப் பால் கொடுக்கும். நாலு எழுத்து."

வாரப் பழக்கம் விடுமா? கை தானாக நெற்றிக்குப் போனது. கண் சட்டைக்கைக்குப் போனது. அங்கே நாலு எழுத்தில் ஒன்று இருந்தது. வாய் முந்திக்கொண்டது.

"நாற்காலி!"

பாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அப்பா... நாற்காலி பறக்குமா?"

"எழுத்து நாலு சரியா இருக்கா, இல்லையா?"

"குட்டிக்குப் பால் குடுக்குமாப்பா?"

"உங்க ஸ்கூல்ல குட்டி நாற்காலி இல்ல? அதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். டெய்லர் மனைவியைப் பார்த்தார். அவள் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

"பாப்பா, அப்பாவுக்கு வரல போலிருக்கு. நீதான் பக்கத்துல உக்காந்து கொஞ்சம் சொல்லிக் குடேன்."

பாப்பாவின் கண் விரிந்தது. அப்பாவுக்குத் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கிறது! சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பென்சிலைக் காதில் செருகினாள். "யோசிங்கப்பா. பறக்கும், பறவை இல்ல. கொசுவா?"

"கொசு எங்க பால் குடுக்குது? ரத்தம்ல குடிக்குது!"

"தலைகீழா தொங்குமே... வவ்வால்! வ, வ், வா, ல். நாலுப்பா, நாலு!"

டெய்லர் மெல்ல நழுவப் பார்த்தார். "கடையில ஒரு ஜாக்கெட் பாக்கி..."

"உக்காருங்கப்பா! பாதியில எந்திரிக்கக் கூடாது. பெஞ்சில என்ன முள்ளா இருக்கு?"

டெய்லர் உட்கார்ந்தார். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்தைந்து நிமிஷம். பாப்பாவின் கால் தைத்து வைத்தது மாதிரி இருந்தது. அன்றைக்குப் பட்டன் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. கண் மங்கினால் ஊசி எங்கே தெரியும்?

மறுநாள் காலை டெய்லர் பீரோவைத் திறந்தார். ஆறு முழுக்கைச் சட்டையும் அரைக்கையாகியிருந்தன. ஓரம் மடித்து, நறுவிசாகத் தைத்து, இஸ்திரியும் போட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வெயில் காலமாச்சேங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

எட்டாவது படித்தவர் அல்லவா, புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அன்றன்றையப் பேப்பர், அரைக்கை, அரை மணி நேரம்.

மாசக் கடைசியில் டீச்சர் கூப்பிட்டார். மூன்று பேரும் போய் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"என்ன மாயம் பண்ணினீங்க?" என்றார் டீச்சர். "இப்பல்லாம் மணி அடிச்சாக்கூட எந்திரிக்க மாட்டேங்கிறா. இவ இங்கயே இருக்கட்டும். வீட்ல யாரு சொல்லிக் குடுக்கிறது?"

டெய்லர் தொண்டையைக் கனைத்தார். காலரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார். வாயைத் திறப்பதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள்.

"நான்தான் மிஸ் சொல்லிக் குடுக்கிறேன். அப்பாவுக்கு. பாவம், ஒண்ணுமே வராது. ஆனா இப்பல்லாம் பாதியில எந்திரிக்கிறதில்ல."

டீச்சர் நின்றுகொண்டிருந்த டெய்லரைப் பார்த்தார். பிறகு அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்து முந்தானை நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க சார்" என்றார் டீச்சர்.