சுவரில் தொங்கிய சகாயமேரி

"அவ மஸ்கட் போயி ரெண்டு வருசமாச்சே தம்பி" என்றார் போனில் சகாயமேரியின் அப்பா.

கருத்தக்கண்ணன் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தான். எதிர்முனையில் அவர், அங்கே வெயில் அதிகம் என்றும் மகள் இளைத்துவிட்டாள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பழங்காநத்தத்தில் அவன் மருந்துக் கடை வைத்துப் பதினோரு வருடம். படித்தது பத்தாவது. கடை உரிமத்துக்கு வேண்டிய மருந்தாளுநர் சான்றிதழ் சகாயமேரியுடையது. கடை திறந்த அன்று வந்து, சான்றிதழைக் கொடுத்து, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு அவள் முகத்தை அவன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான். ஊதுபத்தி இருவருக்கும் சேர்த்துத்தான்.

இப்போது மருந்தாளுநர் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. மருந்தாளுநர்களுக்கும் பிற மருத்துவப் பணியாளர்களுக்கும் பயனுள்ள இணையதளங்கள் பற்றி ஒரு நாள் பயிற்சி. ஞாயிறு காலை பத்து மணி, செல்லூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பதிவு பெற்றவர் நேரில் வர வேண்டும். அதிகாரி ஒருவர் உடனிருப்பார். வராதவர்களின் கடை உரிமம் ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படும்.

கடிதத்தை நாலு தடவை படித்தான். நாலு தடவையும் அதையேதான் சொன்னது. கடை போனால் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அந்தத் தொழிலும் முறைப்படி தெரியாது.

வீட்டில் அதிகம் படித்தவள் அவன் மனைவி சீனியம்மாள். பன்னிரண்டாவது பாஸ். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் எப்படிங்க மேரியாவேன்?"

"ஒரு நாளைக்குத்தான். காலையில மேரி, சாயங்காலம் சீனி."

"பிடிச்சு உள்ள போட்டா?"

"மேரியத்தான் போடுவாக. அவ மஸ்கட்டுல இருக்கா."

இதில் ஏதோ தவறு இருப்பதாக அவளுக்குப் பட்டது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை முழுக்கக் கையெழுத்துப் பயிற்சி. பதினோரு வருடமாகக் கடைப் பதிவேட்டில் சகாயமேரியின் கையெழுத்தைப் போட்டுவந்தவன் அவன்தான். உலகத்தில் அவனளவுக்கு அந்தக் கையெழுத்தை அறிந்தவர் கிடையாது, மஸ்கட்டில் இருப்பவள் உட்பட. பதிவு எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொன்னான். சமைக்கும்போது கேட்டான், குளிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்டான். தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்கு அது அவளுக்குள் இறங்கியது.

ஞாயிறு காலை அவளை வேதக்காரியாக்கும், கிறிஸ்தவப் பெண்ணாக்கும் வேலை. பூவை எடுக்கச் சொன்னான். பொட்டை அழிக்கச் சொன்னான். கல்யாணமாகி இருபது வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கண்ணாடியில் வெறும் நெற்றியைப் பார்த்ததும் அழுகை வந்தது. அவன் அதைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டு பெர்சியிடம் ஜெபமாலை இரவல் கேட்கப் போனான்.

பெர்சி டீச்சர், இவர்களுக்கு எதற்கு ஜெபமாலை என்று ஒரு நிமிடம் திகைத்தாள். எட்டிப் பார்த்து சீனியம்மாளின் நெற்றியைக் கண்டதும் இன்னும் திகைத்தாள்.

"எங்க சபையில ஜெபமாலை கிடையாதுண்ணே. அது ஆர்.சி.காரவுக வச்சிருப்பாக."

"மேரின்னா ஆர்.சி.தான?"

"ஆமா. ஆனா அவுக பொட்டு வைப்பாக. வைக்காதது நாங்க."

சீனியம்மாள் புருஷனைப் பார்த்த பார்வைக்கு எந்த மாத்திரையும் கிடையாது. பொட்டு திரும்ப வந்தது. போகிற வழியில் ஒரு ஜெபமாலை வாங்கிக் கழுத்தில் போட்டுவிட்டான். பஸ்ஸில் ஒரு கிழவி, அது கையில் வைத்து ஜெபிக்கிறது, ஆரமில்லை என்று அவளைத் திட்டிக்கொண்டே வந்தாள். செல்லூரில் இறங்கியபோது மாலை கைப்பையில் இருந்தது, சீனியம்மாள் வியர்வையில் இருந்தாள்.

கம்ப்யூட்டர் சென்டர் மாடியில். கீழே விசைத்தறி. தறி ஓட ஓட, மாடியில் பதினைந்து கம்ப்யூட்டரும் லேசாக ஆடின. முப்பது பேர் வந்திருந்தார்கள். உடன் வந்தவர்களுக்கு வராந்தாவில் பெஞ்சு. கருத்தக்கண்ணன் ஜன்னலோரமாக இடம் பிடித்தான். மருந்துக் கடைக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஊர்ப்பட்ட பேச்சு இருக்கும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருகைப் பதிவேடு சுற்றி வந்தபோது, ஒவ்வொருவரும் புள்ளிக் கோலம் போடுகிறவர் மாதிரி நிதானமாகக் கையெழுத்திட்டார்கள். படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டான். சீனியம்மாள் மட்டும் சரசரவென்று போட்டாள்.

கடைசி வரிசையில் சபாரி சூட் அணிந்த ஒருவர், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபுறமும் நாற்காலி காலி. பயிற்சி கொடுக்க வந்த இந்துப்ரியா எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்பில் டீ கொடுத்தாள், அவருக்கு மட்டும் பீங்கான் கோப்பை. அவர் ஒரு வார்த்தை பேசாமல் குடித்தார். அதிகாரி. கருத்தக்கண்ணன் ஜன்னலோரத்தில் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான்.

இந்துப்ரியாவுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். உற்சாகமான பெண். ஒவ்வொரு தளமாகக் காட்டினாள். பக்கவிளைவு சொல்லும் தளம் ஒன்று. குழந்தையின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று சொல்வது இன்னொன்று. விஷம் குடித்தவருக்கு முதலில் என்ன செய்வது என்பதற்கு வேறொன்று. பிறகு, இரண்டு மருந்தின் பெயரைக் கொடுத்தால் சேர்த்துச் சாப்பிடலாமா என்று சொல்லும் தளம். மாமியாரும் மருமகளும் தனித்தனியாக நல்லவர்கள், ஒரே அடுப்படியில் விட்டால்தான் சண்டை, மருந்தும் அப்படித்தான் என்றாள். யாராவது இரண்டு மருந்து சொல்லுங்கள் என்றாள்.

முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பேசாமல் இருந்து பழக்கமில்லாத சீனியம்மாள் கையைத் தூக்கினாள். முழங்கால் வலி என்று வருகிறவர்களுக்குக் கருத்தக்கண்ணன் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் செட் மாத்திரையில் ஒரு வலி மாத்திரையும், ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் உண்டு. வீட்டிலும் அட்டை அட்டையாகக் கிடப்பதால் அட்டையில் இருக்கும் பெயர்கள் அவளுக்கு அத்துப்படி. அந்த இரண்டையும் ஒற்றை விரலால் தட்டினாள்.

திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. இந்துப்ரியா படித்துச் சொன்னாள். அந்த வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண். ரத்தக்கசிவு. உயிருக்கே ஆபத்தாகலாம்.

சீனியம்மாளின் விரல் கீபோர்டிலேயே நின்றது. பிறகு மெதுவாகத் தலையை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"எங்கம்மாவுக்கு மூணு வருசமா இதத்தான் குடுக்குறாக."

"யார் மேடம்?" என்றாள் இந்துப்ரியா.

"கடையில. வயித்து வலின்னு சொன்னதுக்கு, அதுக்குத் தனியா இன்னொரு மாத்திரை குடுத்தாக."

கருத்தக்கண்ணன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான். அவள் அவனைப் பார்த்தபடியே செட்டில் இருந்த மற்ற மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். சிவப்பு. மஞ்சள். மறுபடி சிவப்பு. சபாரிக்காரர் ஃபைலைத் திறந்து வேகவேகமாக எழுத ஆரம்பித்தார். அவர் எழுதுவதைப் பார்த்து மற்றவர்களும் எழுதினார்கள்.

தன் கடையின் தவறைத் தானே எடுத்துச் சொல்கிற இப்படி ஒரு மருந்தாளுநரைப் பார்த்ததில்லை என்று இந்துப்ரியா கைதட்டினாள். சபை கொஞ்சம் தாமதமாகத் தட்டியது. இன்றைய சிறந்த மாணவி சகாயமேரி என்று அறிவித்தாள். சிறந்த மாணவி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் தனக்கு என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் வேறொன்று நடந்தது.

"கடைசியா நம்ம சங்கத்தோட புதுத் தளம்" என்றாள் இந்துப்ரியா. "பதிவு எண்ணைக் கொடுத்தா பேரும் போட்டோவும் வரும். கடையில நிக்கிறது நிஜமான மருந்தாளுநர்தானான்னு இனிமே மக்களே பார்த்துக்கலாம்."

ஐந்து பேர் ஒரே நேரத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். இதை முடித்துவிட்டுப் போகலாம், எல்லோருடைய எண்ணும் வரிசையாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம் என்றாள். முதலில் சிறந்த மாணவி. எண்ணைச் சொல்லுங்கள்.

சீனியம்மாள் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் குளிக்கும்போதுகூடக் கதவைத் தட்டிக் கேட்ட எண் அது. தன்னால் வாயிலிருந்து கொட்டியது.

பெயர் முதலில் வந்தது. டெலிபோன் லைனில் வரும் இன்டர்நெட், அதனால் படம் மேலிருந்து விரலகலம் விரலகலமாக இறங்கியது. முதலில் வகிடு. அது எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுதான். கருத்தக்கண்ணன் மூச்சுவிட்டான். அடுத்து நெற்றி. சீனியம்மாளுக்கு இரண்டு விரல் நெற்றி. திரையில் இறங்கிய நெற்றி கண்மாய் மாதிரி விரிந்துகொண்டே போனது, முடிகிற வழியாக இல்லை. பிறகு புருவம். பட்டையாக, ஆண்பிள்ளைப் புருவம்.

இந்துப்ரியா திரையைப் பார்த்தாள். சீனியம்மாளைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

கண் இறங்குவதற்குள் கருத்தக்கண்ணன் உள்ளே ஓடிவந்துவிட்டான். இரண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் சபாரிக்காரரின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"சார், அது சகாயமேரி இல்ல. என் சம்சாரம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, எனக்கும் தெரியாது. பதினோரு வருசமா நாந்தான் எல்லாத்தையும் குடுத்துக்கிட்டு இருக்கேன். கடைய மட்டும் மூடிராதீக. ரெண்டு பொம்பளப்புள்ள இருக்கு."

முப்பது தலையும் திரும்பின. ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. கீழே தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மூக்கு இறங்கியது.

சபாரிக்காரரின் முகம் பீங்கான் கோப்பையை விட வெளுத்திருந்தது. இடதும் வலதும் பார்த்தார். குனிந்து கருத்தக்கண்ணனின் காதில் அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார்.

"எந்திரிங்கண்ணே, நானும் பேரையூர்ல கடை வச்சிருக்கவன்தான், என் சர்டிபிகேட்காரருக்கு அறுபது வயசுன்னு சபாரி தச்சுப் போட்டு வந்தேன், அடுத்த நம்பர் என்னோடதுதான், மொதல்ல அந்த டெலிபோன் வயரப் பிடுங்குங்க."